அப்பா டை அடித்த கதை

உ

செம்மண்டலம், கடலூர்
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் பாலகுமாருக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் வெண்மதியும் அந்தக் குளிர் ஊரில் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். எதிர்வீட்டு எழிலரசி லீவு முடிந்து வியாழக்கிழமை டப்ளின் கிளம்புகிறாள், அவள் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே கறிவேப்பிலைப் பொடியும் வறுத்த முந்திரியும் இருக்கிறது, ரூமில் இருக்கிற பையன்களுக்கு எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டு நீ காலி டப்பாவை வைத்துக்கொண்டு நிற்காதே. வாரா வாரம் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ போன வாரம் கேட்டாயே, "அப்பா மனசாரப் பொண்ணு கேக்கப் போனாராம்மா, இல்ல நீ தள்ளிக்கிட்டுப் போனியா" என்று, நான் பதில் சொல்லாமல் குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்தேனே, அந்தக் கேள்விக்குப் பதில்தான் இது. அடுப்பில் அன்றைக்குக் குக்கரே இல்லை. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தார், நான் என்ன சொல்ல முடியும். அப்பாவே முகம் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் தேதி வைக்கச் சம்மதிப்பேன் என்று நீ சொன்னதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெண்மதியைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ சொன்ன வைகாசியில் இருந்து அவர் முகத்தை உனக்குக் காட்டாமல் இருப்பது கோபத்தால் இல்லையடா. நீ நினைக்கிற மாதிரி ஒரு துளிகூட இல்லை. பொறுமையாகப் படி, குளித்துக்கொண்டே படிக்கிறேன், பஸ்ஸில் படிக்கிறேன் என்று போகாதே.

உன் அப்பா டை அடிக்கிறது உனக்கே தெரிந்த விஷயம்தான். சனிக்கிழமை கடையில் இருந்து வந்ததும் பழைய பனியனை மாட்டிக்கொண்டு, தோட்டத்துப் பக்கம் பேப்பரை விரித்து, தேய்ந்துபோன பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். காதுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார், மீசைக்குப் பஞ்சு சுற்றிய தீக்குச்சி. அந்த நேரம் யார் கூப்பிட்டாலும் வரமாட்டார், கேஸ் சிலிண்டர்காரன் வந்தாலும் நான்தான் ஓட வேண்டும். "மாப்பிள்ள ரெடியா, பொண்ணு வீட்டுக்காரங்க வந்துட்டாங்க" என்று நானும் ஜாடை பேசுவேன், ம் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஜவுளிக்கடையில் சின்னச் சின்னப் பையன்களாக வேலைக்கு எடுக்கிறார்களே, அவர்கள் பக்கத்தில் கிழவனாகத் தெரியக்கூடாது என்று இந்த மனிதன் பாடுபடுகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும்தான் முன்நெற்றி முழுக்க வெளுத்துப்போச்சு, நான் எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு போகிறேன், என்னைப் பார்த்து யார் ஓடிப்போனார்கள்.

வைகாசியில் நீ வெண்மதி பற்றிச் சொன்ன ராத்திரி அவர் போனில் "சரி, பாப்போம்" என்று மட்டும் சொன்னார், நீ பயந்துபோனாய். அவர் சுபாவம் உனக்குத் தெரியாதா, லாட்டரி விழுந்தாலும் பாப்போம் என்றுதான் சொல்வார். போனை வைத்ததும் என்னிடம் வந்து, "மேல்பட்டாம்பாக்கத்துப் பொண்ணாமே, நர்ஸாமே, நம்மள நல்லா பாத்துக்கும்" என்றார். அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், நாம் கோயிலுக்குப் போகிறவர்கள், சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்களே என்று நான்தான் இழுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். "பேசட்டும், அவுங்களா வந்து குடும்பம் நடத்தப் போறாங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். மறுநாளே காலண்டரைக் கிழிக்காத குறையாகப் புரட்டி, வர்ற புதன்கிழமை நாள் நல்லா இருக்கு, போய்ப் பேசிட்டு வந்துடலாம் என்றார். என் பட்டுப்புடவையைப் பெட்டியில் இருந்து எடுத்து வெயிலில் போட்டதும் அவர்தான்.

அங்கேதான் வந்தது வினை. பொண்ணு கேட்கப் போகிற இடத்தில் முடி பளபளவென்று இருக்க வேண்டுமாம், எப்போதும் வாங்குகிற பொடியை விட்டுவிட்டு விலை ஜாஸ்தியாக ஏதோ ஒரு புது டையை வாங்கி வந்தார். பழைய டைக்கே கொஞ்ச நாளாகத் தலை அரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, வெளியே சொன்னால்தானே. தலை, மீசை, போதாததற்குப் புருவத்திலும் ஒரு இழுப்பு. காலையில் எழுந்து பார்க்கிறேன், ஐயோ சாமி, கண் இரண்டும் திறக்கவே முடியாமல் வீங்கி, நெற்றி சிவந்து, மேல் உதடு பொங்கிப் போயிருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போட்டோம், அது இன்னும் மோசமாகித் தலையெல்லாம் நீர் வடிய ஆரம்பித்தது. புதன்கிழமையும் போச்சு, பட்டுப்புடவையும் திரும்பப் பெட்டிக்குள் போச்சு. நான் பயந்துபோய் அவரைச் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அங்கே தோல் டாக்டரம்மா ஒருத்தர் நல்லா பார்ப்பார்கள் என்று சொன்னார்கள். அந்தப் பொண்ணு பார்த்துவிட்டு, இது டைக்கு உடம்பு காட்டுகிற எதிர்ப்பு, இனிமேல் ஆயுசுக்கும் டை பக்கமே போகக்கூடாது, இன்னொரு தடவை அடித்தால் மூச்சே அடைக்கலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மருந்து தோலில் பட வேண்டும், முடியை எடுத்துவிட்டு வாருங்கள் என்றாள். தலையை மொட்டை அடித்தாயிற்று. மீசையை மட்டும் எடுக்க மாட்டேன் என்று மனிதர் அழாத குறை. தலையும் மீசையும் சேர்ந்து போனால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று உனக்கே தெரியும். ஆனால் புண் இருக்கிறதே மீசைக்குக் கீழே, வேறு வழியில்லை, அதையும் எடுத்தோம்.

அடுத்த தடவை காட்டப் போனபோது நடந்ததைக் கேள், இப்போது நினைத்தாலும் சிரிப்பு தாங்கவில்லை. நான் மருந்து வாங்க வரிசையில் நிற்கிறேன், அவர் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணாகிராமத்து சின்னையன் மாமா, என் பெரியப்பா மகன்தான், யாரையோ பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். இவரை மொட்டைத் தலையும் மீசை இல்லாத மூஞ்சியுமாகப் பார்த்ததும் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, "ஐயோ மச்சான், எந் தங்கச்சி எப்பப் போச்சு, ஒரு வார்த்த சொல்லி அனுப்பலியே, புள்ள வெளிநாட்டுல இருக்கான்னு நீயே கொள்ளி வெச்சியா" என்று கட்டிப்பிடித்து ஓலம் வைக்கிறார். உன் அப்பாவுக்கு உதடு வீக்கத்தில் பேச்சு வராமல் கையை ஆட்டுகிறார், அதைத் துக்கம் என்று நினைத்து அவர் இன்னும் சத்தமாக அழுகிறார். நான் மருந்துப் பையோடு வந்து பின்னால் நின்று, "நான் இன்னும் போவலண்ணே, மருந்து வாங்கத்தான் போனேன்" என்றேன். மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எனக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார், செத்துப் பிழைத்தவளுக்கு நல்ல மரியாதை.

நான் சிரித்தேன், உன் அப்பா சிரிக்கவில்லை. "சொந்த மச்சானே இப்பிடி நெனச்சுட்டான், இந்த மூஞ்சோட நல்ல காரியத்துக்கு எப்பிடிப் போறது, அந்தப் பொண்ணு வீட்டு வாசப்படில அபசகுனமா நிக்கச் சொல்றியா" என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முடி வளரட்டும் என்று இருந்தோம், வளர்வதற்குள் ஆடி வந்துவிட்டது, ஆடியில் யார் பேச்சு எடுப்பார்கள். இதற்கு நடுவில் உன்னிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ கூப்பிடும்போதெல்லாம் கேமரா ரிப்பேர், அப்பா வெளியே போயிருக்கார், அப்பா தூங்குறார் என்று நான் அளந்தேன். புது போன் அனுப்பட்டுமா என்று நீ கேட்டபோது வேண்டவே வேண்டாம் என்று அலறினேனே, அதுவும் இதற்குத்தான். நீயோ அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி, அங்கே ஒழுங்காகச் சாப்பிடாமல் இளைத்துப்போய், வெண்மதியையும் கலங்கவைத்திருக்கிறாய். இதை நான் யாரிடம் சொல்லி அழுவேன், இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

ஆவணி பிறந்தது. தலையில் விரல் நுழைகிற அளவு முடி, மீசையும் வந்துவிட்டது, எல்லாம் வெள்ளை வெளேர் என்று. சொன்னால் நம்ப மாட்டாய், அழகாக இருக்கிறார். கடை முதலாளி பார்த்துவிட்டு அவரைப் பட்டுப் பிரிவில் உட்காரவைத்துவிட்டார், கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் அவரிடம்தான் நல்ல சேலையா என்று கேட்கிறார்களாம். அவரேதான் என்னிடம் வந்து, "கெளம்பு, மேல்பட்டாம்பாக்கம் போயிட்டு வந்துடலாம்" என்றார். நான் தள்ளவில்லை பாலு, என் முந்தானையைப் பிடித்து அவர்தான் அவசரப்படுத்தினார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் முடி கலையும் என்று இந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தார், கலைவதற்கு அங்கே என்ன இருக்கிறது.

நாங்கள் போனதும் பழம் வைத்ததும் வெண்மதி மூலமாக உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். வெண்மதியின் அப்பா அன்பரசு வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். தலை கறுகறுவென்று இருக்கிறது, மீசை இன்னும் கறுப்பு, ஆனால் வலது காதுக்குப் பின்னால் டை வழிந்து ஒரு கோடு. அவர் சம்சாரம் அமிர்தம் கண்ணால் ஜாடை காட்டுகிறார்கள், அன்பரசுவுக்குப் புரியவில்லை. கோயிலா சர்ச்சா என்று பேச்சு வந்தபோது உன் அப்பா, "எங்க கட்டுனா என்னங்க, ரெண்டு எடத்துலயும் சாப்பாடு நல்லா இருக்கணும், பிள்ளைங்க நல்லா இருக்கணும்" என்றார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்புறம் காபி குடித்துக்கொண்டிருந்தவர் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்து, திடீரென்று, "சம்பந்தி, தப்பா நெனக்காதீங்க, டைய விட்டுடுங்க, நான் பட்டுட்டேன்" என்று நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். எனக்கு மானம் போச்சு. அன்பரசு சிரித்துக்கொண்டே, உங்களுக்கு எதுக்குங்க இந்த வயசுல ஆசை என்று கேட்டார். உன் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "ஆசையெல்லாம் இல்லைங்க. பையன் வெளிநாடு போறப்ப ஏர்போர்ட்ல என்னப் பாத்து, உனக்கு வயசாயிடுச்சுன்னு தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்துடுவேம்பான்னு சொன்னான். அந்த வாரத்துல இருந்துதான் பூச ஆரம்பிச்சேன். ஞாயித்துக்கெழம போன்ல பாக்குறப்ப, அப்பன் போறப்ப இருந்த மாதிரியே இருக்கான்னு அவன் நிம்மதியா இருக்கணும்."

அன்பரசு வேட்டி நுனியால் காதைத் துடைத்துக்கொண்டே, "நானும் எம் பொண்ணுக்காவத்தாங்க அடிக்கிறேன், வீட்ல இவகிட்ட கூடச் சொன்னதில்ல" என்றார். அமிர்தம் என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று கேலி பேசிக்கொண்டு திரிந்தேனே, எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது, சமையல்கட்டைப் பார்க்கப் போகிற மாதிரி உள்ளே எழுந்து போய்விட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், அவனிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீயே எழுதிடு, எனக்கு இதெல்லாம் பேச வராது" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வீடியோவில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். காலையிலேயே சவரம் செய்துகொண்டு உட்கார்ந்துவிடுவார், நீ தூங்கி எழுந்து சாவகாசமாகக் கூப்பிடாதே. பார்த்ததும் என்னப்பா ஆச்சு என்று கேட்காதே. வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று வாய் தவறியும் சொல்லாதே, அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை, பிரஷர் சுகர் எல்லாம் அளவாக இருக்கிறது, என் முட்டிதான் மாடிப்படி ஏறும்போது பிடிக்கிறது. அழவும் கூடாது. நீ அழுதால் போனை என் கையில் திணித்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். கல்யாணத்துக்கு எந்த மாதம் லீவு கிடைக்கும் என்று மட்டும் நேராக அவரிடம் கேள், என்னிடம் கேட்காதே.

நீயும் இரண்டு காதிலும் அந்த இயர்போனைச் செருகிக்கொண்டே தூங்குவதை நிறுத்து, தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் வை, உன் தாடி வெண்மதிக்குப் பிடித்திருக்கிறதா என்று அவளை ஒரு வார்த்தை கேள், எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு நைட் டியூட்டி இருக்கிற நாளில் நீ சமைத்து வை. இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து, பிள்ளை குட்டியோடு நூறு வருஷம் வாழ வேண்டும் என்று தில்லைக் கூத்தனையும் அவர்கள் மாதாவையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன். முந்திரி டப்பாவின் மூடியை இறுக்கி மூடி வை, நமுத்துப்போகும்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அம்மா
சந்திரலேகா

பாலு, அம்மா என்ன எழுதினாள் என்று நான் படிக்கவில்லை. கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருப்பாள். பொண்ணு கேட்க மனசாரத்தான் போனேன்.
அப்பா