ஒரு கை குறைகிறது

அன்பு மகன் லத்தீருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் காயப்போட்ட கருவாடும் நலம். அங்கே இத்தாலியில், தூரின் நகரக் குளிரில் நீயும், போனில் நீ சொன்ன புத்திமதியும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

பேசாம கையெழுத்துப் போட்டுடும்மா, சித்தப்பா பார்த்துக்குவார் என்றாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நகரசபைத் தேர்தல் வேட்பாளர் பட்டியலில் ஓர் ஆண், ஒரு பெண் என்று மாறி மாறி வரவேண்டும் என்று நம் செனகலில் சட்டம் போட்டாலும் போட்டார்கள், கட்சி ஆண்களுக்குப் பெண்கள்மேல் பொங்கிய பாசத்தைச் சொல்லி முடியாது. உன் சித்தப்பா ஜெகானே வீடு தேடி வந்து, அண்ணி, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா பேரு குடுங்க போதும் என்றார். கருவாட்டுக்காரி, வாய் திறக்கமாட்டாள் என்று எனக்கு இரண்டாவது இடம். மற்ற பெண்கள் இடங்களுக்கும் கடற்கரையில் என்னோடு மீன் உலர்த்துகிறவர்களாகவே பார்த்துப் பிடித்தார்கள், நல்ல வலைக்காரர்கள். ஜெயித்தோம். பட்டியலில் முதல் பெயரான வாலி மேயர், நான் துணை மேயர். முதல் கூட்டத்திலேயே எனக்குப் பெரிய பொறுப்பு தந்தார்கள், மதியச் சோற்றுக்கு மீன் வாங்குவது.

இப்போது எங்கள் உலர்த்தும் இடத்தை மீன்மாவு ஆலைக்குக் கொடுக்கத் தீர்மானம். ஆலையில் சித்தப்பாவுக்கு மேஸ்திரி வேலையாம். உன் சித்தி மீன் உலர்த்துவதும் அதே மணலில்தான், அது அவருக்கு மறந்துவிட்டது பாவம். மேயர் உத்தமர், பழி தன்மேல் விழக்கூடாது என்று வாக்கெடுப்புக்கு நாள் குறித்துவிட்டு மெக்காவுக்குப் போய்விட்டார். தலைமை என்னுடையது. காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவேன் என்று எல்லோருக்கும் நம்பிக்கை, உனக்கும்.

கை தூக்கச் சொன்னேன். சித்தப்பா உட்பட ஆண்கள் அத்தனை பேரும் கொடுக்கலாம் என்றார்கள், பெண்கள் அத்தனை பேரும் கூடாது என்றோம். பட்டியலில் முதலும் கடைசியும் ஆண் என்பதால் அவர்கள்தான் ஒரு கை கூடுதல், மேயர் கை இல்லாததால் சரிசமமாகிவிட்டது. சமமானால் தலைமை தாங்குகிறவர் பக்கம்தான் முடிவு என்று குமாஸ்தா வாசித்தார். அண்ணி, நம்ம குடும்பத்தை நினைச்சுப் பாருங்க என்றார் சித்தப்பா. நினைத்துத்தான் கொடுக்க முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த மணலில் உலர்ந்த மீன்தான் உன்னைப் படிக்கவைத்தது லத்தீர். அதை விட்டுக்கொடு என்று நீ சொன்னது எனக்கு வலித்தது. மேயர் திரும்பியதும் மறுபடி வாக்கெடுப்பாம், அப்போது எங்களுக்கு ஒரு கை குறையும். சித்தப்பா என் பேச்சைக் கேட்கமாட்டார், உன் பேச்சைத் தட்டியதில்லை.

காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். இந்த வாரம் எனக்குப் போன் செய்யவேண்டாம், சித்தப்பாவுக்குச் செய்.

உன் அம்மா,
தெனிங்