மைதானத்தில் உங்கள் பெயர்

நிக்டி, புனே
21 ஜூலை 2025

தருணின் அப்பாவுக்கு,

நானும் தருணும் நலம். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, அவசியமானதை மட்டும் தபாலில் எழுதிக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம் அல்லவா? இது அவசியமான விஷயம்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் தகப்பனார் கையெழுத்து என்ற இடத்தில் போட்டு அனுப்புங்கள். தருணின் பெயரை மாற்ற வேண்டும்.

ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று பள்ளிக்கூட குமாஸ்தா குடும்பப் பெயர் என்ன என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? “எங்க ஊர்ல அதெல்லாம் கெடையாதுங்க” என்றீர்கள். கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார் அவர். “அப்ப அதுலயும் என் பேரையே போடுங்க” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தீர்கள். அன்றிலிருந்து பிள்ளைக்கு முன்னாலும் நீங்கள், பின்னாலும் நீங்கள். நடுவில் அவன்.

இந்த ஊரில் பையன்களைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தருண் என்று ஒருவன் இருப்பதே அந்தப் பள்ளியில் யாருக்கும் தெரியாது. போன சனிக்கிழமை மதிப்பெண் அட்டை வாங்கப் போயிருந்தேன். மைதானத்தில் கோ-கோ ஆட்டம். சுற்றி நின்ற நானூறு பையன்கள் உங்கள் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் நான் வாயால் சொல்லாத பெயர். ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவேன். அதிலும் இரண்டு வருஷம் முன்னால் ஊரோடு போய்விட்ட ஆளின் பெயர். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை.

குடும்பப் பெயர்க் கட்டத்தில் எங்கள் அப்பா பெயர் நாச்சிமுத்து என்று எழுதியிருக்கிறேன். தகப்பனார் கட்டத்தில் நீங்கள் அப்படியே இருப்பீர்கள், அதில் கை வைக்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு விண்ணப்பம் போய்விட்டால் பிறகு மாற்ற முடியாதாம். அக்டோபர் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். தருணிடம் கேட்டேன். “குச் பி!”, என்னவோ செய், என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

பள்ளியின் செய்தி மடல் ஒன்று வீட்டில் கிடந்தது. அதையும் வைத்திருக்கிறேன்.

மல்லிகா


கோயம்புத்தூர்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மல்லிகா,

கடிதமும் படிவமும் கிடைத்தன. படிவம் பட்டறை மேஜைமேல் இருக்கிறது. செய்தி மடலை மூன்று முறை படித்துவிட்டேன். நாலு பக்கத்துக்குள் என்னென்ன செய்கிறார்கள்! நீச்சலில் ஒரு பையன் வெள்ளி வாங்கியிருக்கிறான். எட்டாம் வகுப்பு குப்பை பொறுக்க ஒரு மிஷின் செய்திருக்கிறது. கணபதி ஊர்வலத்துக்கு அறுபது பேர் டோல் மேளம் அடித்துப் பழகுகிறார்களாம். அறுபது டோலும் சேர்ந்து அடித்தால் அக்கம்பக்கத்தில் யாரும் சண்டைக்கு வருவதில்லையா?

நாலாம் பக்கத்தில் ஒரு பையன் மரக்கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு காற்றில் படுத்திருக்கிறானே, அது நம்மவனா? முகம் தெரியவில்லை, முழங்கால்தான் தெரிகிறது. அது என் முழங்கால் மாதிரியே இருக்கிறது. கீழே ‘கம்பத்தில் பாயும் கந்தசாமி’ என்று போட்டிருக்கிறார்கள். நாற்பத்தாறு வயதில், கல்யாணப் பத்திரிகையை விட்டால், என் பெயர் அச்சில் வந்தது இதுதான். பட்டறையில் என்னோடு கூட்டு இருக்கிற இஸ்மாயிலிடம் காட்டினேன். “நீ எப்படா கோ-கோ ஆடுனே?” என்றான்.

எனக்கு ஒன்றும் தெரியாதே! எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் கோ-கோ ஆடுவார்கள், நாங்கள் கபடி. அந்த எட்டுப் பேர் ஏன் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்? எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தா, மாறி மாறியா? துரத்துகிறவன் ஏன் சட்டென்று திரும்பிப் பிடிப்பதில்லை? ஞாயிற்றுக்கிழமை போனில் தருண் “ஹாங்”, “நஹீ”, “டீக் ஹை” என்று ஆமாம், இல்லை, சரி மூன்றையும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான். நீதான் பார்த்து எழுத வேண்டும்.

கையெழுத்துப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கந்தசாமி


நிக்டி
14 ஆகஸ்ட் 2025

தருணின் அப்பாவுக்கு,

கையெழுத்து கேட்டால் கேள்வித்தாள் வருகிறது. சரி, கேட்டுவிட்டீர்கள். தருணிடம் கேட்டால் “யூட்யூப்ல பாரும்மா” என்கிறான். அதனால் சனிக்கிழமை மைதானத்துக்கே போனேன். “வா, சாலேல், பரவால்ல. ஆனா சாப்பாட்டு டப்பா தூக்கிட்டு வராதே” என்று அனுமதி கிடைத்தது.

கோச் நம்மவர். இருதயராஜ் சார், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கோர்படியிலிருந்து ஸ்டேஷன் வந்து லோக்கல் ரயில் பிடித்து வருகிறார். உங்கள் கேள்விகளைச் சொன்னேன். “உக்காருங்கம்மா, ரெண்டு ஆட்டம் பாத்தா தானா புரியும்” என்றார். புரியவில்லை. மூன்றாவதில் கொஞ்சம் புரிந்தது.

எட்டுப் பேரும் மாறி மாறித்தான் உட்கார்கிறார்கள். ஒருவன் கிழக்கே பார்த்தால் அடுத்தவன் மேற்கே. துரத்துகிறவன் கிளம்பிய திசையிலேயே ஓட வேண்டும், வரிசைக் கோடியில் இருக்கிற கம்பத்தை எட்டும் வரை திரும்பக் கூடாது, வரிசைக்குக் குறுக்கே நுழையவும் கூடாது. ஓடுகிறவன் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். அவன் அந்தப் பக்கம் தப்பிவிட்டால், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவன் முதுகைத் தொட்டு “கோ” சொல்ல வேண்டும். உடனே அவன் எழுந்து துரத்துவான், சொன்னவன் அவன் இடத்தில் உட்கார்ந்துவிடுவான். கோ சொல்லாமல் ஒருவன் எழுந்தாலும் விசில்தான்.

அதைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் சிஞ்ச்வட் கம்பெனி வேலையை விட்டது எனக்கு யார் மூலம் தெரிந்தது, சொல்லுங்கள். எதிர்வீட்டுச் சரசா. “ஏன்க்கா, அண்ணன் ஊருக்கே போறாராமே?” என்று லிஃப்டில் கேட்டாள். தெரிந்தவள் மாதிரி தலையாட்டினேன். ஆறாவது மாடி வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தேன். பதினேழு வருஷத்தில் “சாப்பாடு ஆச்சா” தவிர என்னை நீங்கள் ஒன்றும் கேட்டதில்லை. கோ-கோவுக்கு இருக்கிற அதிர்ஷ்டம் எனக்கு இல்லை.

படிவத்தை அனுப்புங்கள்.

மல்லிகா

கம்பத்தில் பாய்ந்தது அவன்தான்.


கோயம்புத்தூர்
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மல்லிகா,

லிஃப்ட் விஷயம் எனக்குத் தெரியாது. சரசா சொல்லித்தான் தெரிந்தது என்று சண்டையில் சொல்லியிருக்கிறாய், ஆனால் ஆறு மாடி தலையாட்டினாய் என்று இப்போதுதான் தெரியும். படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை.

கேட்டிருந்தால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் பதிலையும் வாங்கிக்கொள்ள வேண்டுமே, அந்தத் தைரியம் அன்றைக்கு இல்லை. பட்டறை ஆரம்பித்துவிட்டுச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். தப்பு என்னுடையதுதான் மல்லிகா. இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை.

நீ எழுதிய ஆட்டம் புரிந்துவிட்டது. புரிந்ததா என்று பார்க்க எட்டு பம்பு மூடிகளை வரிசையாக வைத்து இஸ்மாயிலைத் துரத்தினேன். இரண்டு சுற்றில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான், எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பம்பு வாங்க வந்த ஆள் வாசலிலேயே திரும்பிப் போய்விட்டார். பையன் இதை நிமிஷக்கணக்கில் எப்படி ஆடுகிறான்? என்ன சாப்பிடுகிறான்? காலில் ஷூவா, வெறுங்காலா? மாட்டிக்கொண்டால் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறான்? சின்ன வயதில் கேரம் தோற்றால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வானே.

மாமா பெயரில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நாச்சிமுத்து என்று அந்தப் பையன்கள் கத்தி முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

கந்தசாமி


நிக்டி
15 செப்டம்பர் 2025

தருணின் அப்பாவுக்கு,

தப்பு என்று எழுதியதைப் படித்தேன். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஷூ போட்டுத்தான் ஆடுகிறான். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு வாழைப்பழம், ஒரு கடலை மிட்டாய். மாட்டிக்கொண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொட்டவனின் தோளைத் தட்டிவிட்டு வெளியே வருகிறான். நானும் கட்டிலுக்கடியைத்தான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். எப்போது இப்படி வளர்ந்தான் என்று எனக்கும் தெரியவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் நான் மடக்கு ஸ்டூல் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். எட்டுப் பேரில் யார் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே மனசில் குறித்துக்கொள்வேன். அடுத்த கோ யாருக்குப் போகும் என்று பாதிக்குப் பாதி சரியாகச் சொல்கிறேன். இருதயராஜ் சார் சிரிக்கிறார். அரையிறுதியில் ஜெயித்துவிட்டோம். ஜில்லா இறுதி ஆட்டம் அக்டோபர் பதினொன்றாம் தேதி.

ஒரு கஷ்டம் மட்டும் இருக்கிறது. மற்ற அம்மாக்கள் எல்லோரும் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். நான் ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். தருண் என்று கத்திப் பார்த்தேன், ஆட்டத்தில் அந்தப் பெயர் அவன் காதில் ஏறவில்லை. பக்கத்து அம்மா உங்கள் பையன் யார் என்று கேட்டபோது விரலை நீட்டிக் காட்டினேன். எங்கள் அப்பா பெயரைக் கத்த எனக்குக் கூச்சமில்லை. என் பிள்ளைக்காக எனக்கும் கத்த வேண்டும்போல இருக்கிறது. அதற்காகவாவது கையெழுத்துப் போடுங்கள்.

மல்லிகா


கோயம்புத்தூர்
29 செப்டம்பர் 2025

அன்புள்ள மல்லிகா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் ஒன்று, தேதிக்குப் பக்கத்தில் ஒன்று. நிபந்தனை எதுவும் இல்லை. நீ கத்த முடியாமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று படித்த பிறகு இதை மேஜைமேல் வைத்திருக்க மனசு வரவில்லை. செய்தி மடலில் வந்த படத்தை மட்டும் வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பெயர் மாறினாலும் முழங்கால் அதே முழங்கால்தானே.

வருத்தமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். தருணைப் பற்றி இல்லை. நீ எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறாய்? அங்கே அக்டோபர் வெயில் மதியத்தில் மண்டையைப் பிளக்குமே. முகத்தில் அடிக்கிறதா? ஒற்றைத் தலைவலி இன்னும் வருகிறதா? குடை எடுத்துப் போகிறாயா?

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. கேட்க வேண்டும்போல இருந்தது.

கந்தசாமி


நிக்டி
13 அக்டோபர் 2025

தருணின் அப்பாவுக்கு,

மேற்குப் பக்கம் உட்கார்கிறேன். மதியத்தில் வெயில் முதுகில்தான் விழும். குடை இல்லை, துப்பட்டாவே போதும். தலைவலி மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. உங்கள் கேள்வியை அடுப்படியில் நின்று இரண்டு தடவை படித்தேன்.

படிவம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. கைப்பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை இறுதி ஆட்டத்துக்குப் போனேன். ஆட்டம் முடிந்ததும் குமாஸ்தாவிடம் கொடுத்துவிடலாம் என்று.

கடைசி நிமிஷம். நாம் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். நம் பையன்கள் ஓட, அவர்கள் துரத்துகிறார்கள். மூன்று மூன்று பேராகத்தான் ஓட விடுவார்கள். அதில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டாயிற்று, தருண் மட்டும் மிச்சம். அவனும் மாட்டினால் சமமாகிவிடும். அவன் வரிசையில் நுழைந்து என் பக்கம் வந்துவிட்டான். வந்தவன் அந்தப் பக்கம் ஓடுகிற ஆளையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வருகிறான். ஆனால் நாலாவதாக உட்கார்ந்திருந்த பையன் மேற்கே, என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கோ அவனுக்குத்தான் வரப்போகிறது. தருண் நேரே அவன் மடியில் போய் விழப்போகிறான். எல்லோரும் கத்துகிறார்கள், யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நீங்கள் முதல் கடிதத்தில் கேட்டீர்களே, ஒரே பக்கம் பார்த்தா, மாறி மாறியா என்று, அதனால் பார்த்தேன்.

ஸ்டூல் கீழே விழ எழுந்து, “கந்தசாமி! லெஃப்ட்ல!” என்று கத்திவிட்டேன்.

அவன் இடுப்பை வளைத்து ஒரு முழம் தள்ளிப் போனான். எழுந்தவனின் கை சட்டையைக்கூடத் தொடவில்லை. நேரம் முடிந்து விசில் அடித்துவிட்டார்கள். ஜெயித்துவிட்டோம். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அப்புறம் பொத்திய கையை எடுத்துவிட்டு இன்னும் நாலைந்து தடவை கத்தினேன். உங்கள் பெயரைத்தான். பக்கத்து அம்மாவும் சேர்ந்து கத்தினார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

வீட்டுக்கு வரும்போது தருண், “நான் பாத்துட்டுதான் இருந்தேன்மா” என்றான். பார்க்கவில்லை, எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா நீ நல்லா கத்துறே. ஃபார்ம் குடுக்காதேம்மா” என்றான்.

கொடுக்கப்போவதில்லை. உங்களுக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இத்தனை நாள் கழித்து ஒரு பெயர் வாயில் வந்திருக்கிறது, இன்னொன்றைப் பழக எனக்குப் பொறுமையில்லை.

வீட்டுக்கு வருவது பற்றி நான் இதில் ஒன்றும் எழுதவில்லை. அதை நீங்கள்தான் நேரில் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். மண்டல ஆட்டம் நவம்பர் எட்டாம் தேதி மூன்று மணிக்கு, இங்கேயேதான். இரண்டு ஸ்டூல் எடுத்துப் போகிறேன். உங்கள் பெயரை நீங்களே கத்த வேண்டியிருக்கும். முதல் தடவை கூச்சமாக இருக்கும். அப்புறம் பழகிவிடும்.

மல்லிகா