கூடாரத்தில் அம்மா தூங்கியது

ராஜபாளையம்
மே 9, சனி

வெயிலில் மயங்கி விழுவேன் என்று அம்மா என்னைப் பிளவக்கல் அணையருகே கூடாரம் போட்டுத் தங்கும் முகாமுக்கு விடவில்லை. சார்ஜ் ஃபேன் இருக்கிறதே என்றேன். "மத்தியானம் மொட்டை மாடியில கூடாரத்தப் போட்டு உள்ள இருந்து காட்டு, பொறவு பாப்போம்" என்றாள்.

முதலில் அனல்தான் வீசியது. அம்மா தறிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த பேண்டேஜ் துணியை நனைத்து வாசலில் கட்டி, அதன் பின்னால் ஃபேனை வைத்தேன். அந்த வலைத்துணி வழியாக வந்த காற்று குளிர்ந்திருந்தது. என்னால் நம்பவே முடியவில்லை.

சோதிக்க வந்த அம்மா, "செத்த நேரம் சாயுறேன்ட்டி" என்று படுத்தவள் தூங்கிவிட்டாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அவள் முகம் என் வகுப்புப் பெண் ஒருத்தியின் முகம்போல இருந்தது. துணி காயக் காய நனைத்துக்கொண்டே இருந்தேன்.

எழுந்ததும், "முகாமுக்குப் போயிட்டு வா. அணைப்பக்கம் காத்து அடிக்கும்லா, ஃபேன் இங்கன இருக்கட்டும்" என்றாள்.

சரி என்றேன்.