ஏழாம் பிரிவின் ஓரத்தில் ஒரு கொழுந்துக் கறை

மெம்பரம்மா,

மதில் கட்ட அனுமதி கேட்க வேண்டும், வீட்டுக் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துத் தாருங்கள் என்றான் மகன். அலுமாரியைக் குடைந்தேன். உறுதிக்கு முன்னால் கையில் வந்தது, உங்களுக்காக நான் மொழிபெயர்த்த முன்பள்ளிச் சட்ட வரைவு. ஏழாம் பிரிவின் ஓரத்தில் கறுத்துப்போன ஒரு விரல் அடையாளம். தேயிலைக் கொழுந்துக் கறை. முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு வாசம் ஏது, பூச்சி உருண்டை நெடிதான். ஆனாலும் எட்டாம் நம்பர் மலையில் தூறலில் நிற்பதுபோல உடம்பு சிலிர்த்தது.

வயதில் நீங்கள் எனக்குத் தங்கை. கொழுந்து பறித்த கையோடு மாகாண சபைக்குப் போனவர். நானோ ஹட்டனில் சொந்த வீடு, சிங்களத்தில் நல்ல புலமை, அதைவிடக் கூடுதலாகக் கொஞ்சம் தலைக்கனம். உங்களுக்கு மொழிபெயர்க்க வந்தபோது, இந்த அம்மாவுக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு பெரிய மடையன்!

சபையில் எந்த வரைவு வந்தாலும், கை தூக்குவதற்கு முன் அதை மலைக்குக் கொண்டுபோவீர்கள். கோயில் மண்டபம் வேண்டாம், மேடை வேண்டாம். மத்தியானம் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் பெண்களுக்கு முன்னால் ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும். "நல்லா இருக்கான்னு கேக்காதீங்கண்ணே. என்னா வெளங்கலன்னு கேளுங்க" என்பீர்கள். தூறலில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பிரிவு பிரிவாக வாசித்த எனக்கு அது வீண் வேலையாகவே பட்டது.

அன்று ஏழாம் பிரிவு. முன்பள்ளியைப் பதிவு செய்ய, அது நிற்கும் காணியின் உறுதியைக் காட்ட வேண்டும். பதிவு இல்லாவிட்டால் ஆசிரியையும் இல்லை, உதவியும் இல்லை. "இதில் பாதகம் ஒன்றுமில்லை, கள்ளப் பதிவைத் தடுக்கத்தான்" என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு எட்டாம் பிரிவுக்குத் தாவினேன்.

வரிசையிலிருந்து மாரியாயி வந்தார். தாளின் மேல் விரலை வைத்தார். "இந்த எடந்தானுங்களே? எங்க புள்ள மடுவம் நிக்கிற எடத்துக்கு உறுதி யாருகிட்டங்க இருக்கு?"

யாரிடமும் இல்லை. தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு உறுதி இல்லை, கோயிலுக்கு இல்லை. தாய்மார் மலைக்கு ஏறும்போது குழந்தைகளை விட்டுப்போகும் அந்த மடுவத்துக்கும் இல்லை. அதைத்தான் முன்பள்ளியாக்கித் தருவதாக நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்கள். அந்த ஒரு வரி நிறைவேறினால் தோட்டத்துப் பிள்ளை ஒன்றுகூட உள்ளே வர முடியாது. லயத்தில் பிறந்தவன் நான். சொந்தமாக ஓர் உறுதி கைக்கு வந்ததும், அது இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது. வெட்கத்தில் உங்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நீங்களும் என்னைத் திட்டவில்லை. "மறுபடி வாசிங்கண்ணே, மெதுவா" என்றீர்கள். அது திட்டைவிட மோசம்.

வாக்கெடுப்பு அந்த வாரமே. கட்சியில் பேசாமல் கை தூக்கச் சொல்லிவிட்டார்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை இடமில்லை என்றும் சாடையாகச் சொன்னார்கள். நான் பயந்தேன். நீங்கள் எழுந்தீர்கள். மொழிபெயர்ப்பை எதிர்பார்க்காமல், உங்கள் உடைந்த சிங்களத்தில், மாரியாயியின் கேள்வியை மட்டும் கேட்டீர்கள். பிறகு உட்காரவே இல்லை. சபை முழுவதும் சலசலத்தது. யாராவது பதில் சொல்லும்வரை நிற்பது என்று நின்றீர்கள். அப்படி ஒரு நிற்பை நான் அதுவரை பார்த்ததில்லை, இனிப் பார்க்கப்போவதுமில்லை.

கடைசியில் எழுந்தவர் எதிர்வரிசைச் சிங்கள உறுப்பினர் ஒருவர். தன் ஊர் முன்பள்ளி பன்சலைக் காணியில், பௌத்த விகாரைக்குரிய நிலத்தில் நிற்கிறது, அதற்கும் உறுதி கிடையாது என்றார். அத்தோடு அலை திரும்பியது. உறுதி இல்லாத இடத்தில் காணிக்குப் பொறுப்பானவரின் சம்மதக் கடிதம் போதும் என்று திருத்தினார்கள்.

மாலை மரியாதை இருக்கும் என்று நினைத்து மறுவாரம் புதுச் சட்டை போட்டு வந்தேன். நீங்கள் நேரே எட்டாம் நம்பர் மலைக்குப் போய், திருத்திய பிரிவை மாரியாயிக்கு வாசிக்கச் சொன்னீர்கள். தலையைச் சாய்த்துக் கேட்ட அவர், "இப்ப சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையை நிறுக்கப் போய்விட்டார். உங்கள் முகத்தில் அன்று கண்ட நிறைவை வேறெந்த நாளிலும் நான் காணவில்லை.

கட்சி சொன்னதைச் செய்தது, அடுத்த முறை உங்களுக்கு இடம் தரவில்லை. பிறகு சபையே கூடாமல் போனது, நீங்களும் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். ஆனால் கொட்டகலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, பழைய மடுவத்தின் வாசலில் நீலச் சட்டைப் பிள்ளைகள் கத்துவது கேட்கிறது. உங்கள் பெயர் அங்கே எந்தப் பலகையிலும் இல்லை.

இப்போதும் தோட்டத்து ஆட்கள் விண்ணப்பங்களோடு என்னிடம் வருகிறார்கள். போன வாரம் நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். "ஒண்ணுமில்லம்மா, கையெழுத்துப் போடுங்க" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசித்தேன். முடித்ததும், என்னா வெளங்கலம்மா என்று கேட்டேன். அவர் கேட்டார், ஒன்றல்ல, நான்கு கேள்விகள். இரண்டுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

உறுதி கிடைத்தது, மகனிடம் கொடுத்தேன். அவன் திருப்பித் தந்ததும் பழைய உறையிலேயே வைத்தேன், அதற்கு மேலே உங்கள் வரைவையும். இனி என் வீட்டு உறுதியை யார் தேடினாலும் முதலில் கையில் படுவது மாரியாயியின் விரலாக இருக்கட்டும்.