தமிழில் வந்த ஒரே கேள்விச் சீட்டு

அக்கா,

இன்று சாயங்காலம் சொற்பொழிவு இருக்கிறது. நாற்காலி உறைகளை எடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன், அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. நீங்கள் முன்வரிசைக்கு மட்டும் வெள்ளை உறை மாட்டிக்கொண்டே, "சமத்துவம் பேசுறதுக்கு முன்னாடி நாற்காலிய ரெண்டு சாதியா பிரிக்கணும், இல்ல தம்பி?" என்று சிரிக்காமல் கேட்பீர்கள். சிரிப்பது நான்தான். சிரித்துவிட்டு, யார் காதிலாவது விழுந்ததா என்று திரும்பிப் பார்ப்பதும் நான்தான். அந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்தில் நம் இருவரைத் தவிர யாருக்குத் தமிழ் தெரியும்? என் பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் புரியாது.

மாதம் ஒரு முறை, கல்வியும் சமூக நீதியும் என்று பொதுச் சொற்பொழிவு. அழைப்பிதழ், சால்வை, தேங்காய், மைக், டீ எல்லாம் என் பொறுப்பு. மண்டபத்தைக் கூட்டித் துடைப்பது உங்கள் பொறுப்பு. எல்லோரும் உங்களை மராத்தியில் 'மாவ்ஷி', சித்தி, என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு பேர் இருந்தால் நானும் மாவ்ஷி என்பேன், தனியாக இருந்தால் அக்கா. நீங்களும் அதே மாதிரி சார், தம்பி என்று மாற்றிக்கொள்வீர்கள். நான் இதே பூனாவில், வானவடி ராணுவக் குடியிருப்பில் வளர்ந்தவன், நீங்கள் ஏரவாடாவில் பிறந்தவர். ஒரே ஊரில் இருந்துகொண்டு, மண்டபத்து மைக் பழுதாகி நான் தமிழில் ஒரு கெட்ட வார்த்தை சொன்ன அன்றுதான் நாம் அறிமுகமானோம்.

பேச்சு நடக்கும்போது பின்வாசல் பக்கம் நின்று கேட்பீர்கள். மாணவர்கள் சமோசா வந்ததும் நழுவிவிடுவார்கள், நீங்கள் கடைசி வரை நிற்பீர்கள். இந்தியிலும் மராத்தியிலும் பேசுவது புரியும், ஆங்கிலப் பேச்சு என்றால் பிறகு என்னிடம் கேட்டுக்கொள்வீர்கள். "நல்லாத்தான் பேசுறாங்கோ. இதுல நாங்க எங்க வர்றோம்னுதான் தெரியல" என்று ஒரு முறை சொன்னீர்கள்.

அங்கே கேள்விக்கு மைக் தருவதில்லை. கேள்வி என்று எழுந்த ஒருவர் தனிச் சொற்பொழிவே நடத்திவிட்டதால் வந்த விதி அது. சீட்டில் எழுதித் தர வேண்டும். சீட்டுகள் என்னிடம் வரும், நான் ஆங்கிலத்தில் சுத்தமாக எழுதித் தலைவரிடம் கொடுப்பேன். யாருடைய கேள்வியும் என் பேனாவைத் தாண்டாமல் மேடைக்குப் போகாது. சின்ன வேலைதான், ஆனால் அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

ஒரு வருடம் உங்கள் மகள் பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். கல்லூரியில் ஜாதி தாக்லா கேட்டார்கள், அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் பட்டியல் சாதிக்கான இடம். இங்கே அலுவலகத்துக்குப் போனால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிராவில் இருந்ததைக் காட்டு என்றார்கள். பூர்வீக ஊரான வேலூரில் கேட்டால், நீ பிறந்தது பூனாவில், அங்கேயே போ என்றார்கள். அந்த மாதம் பேச வந்தவர், இந்தச் சான்றிதழ் தரும் துறையிலேயே பல வருடம் அதிகாரியாக இருந்தவர். அதை உங்களிடம் சொன்னதே நான்தான்.

சீட்டுகளோடு உங்கள் சீட்டும் வந்தது. எட்டாவது வரை தமிழில் படித்தவரின் உருண்டையான எழுத்து. "ஐயா, என் மகள் பாஸ் பண்ணிவிட்டாள். இங்கே கேட்டால் தமிழ்நாடு என்கிறார்கள். அங்கே கேட்டால் மகாராஷ்டிரா என்கிறார்கள். தாக்லா கொடுக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?"

முன்வரிசையில் துணைவேந்தர் இருந்தார். இதை அப்படியே படித்தால் யார் கேட்டது என்று எல்லாத் தலைகளும் பின்வாசல் பக்கம் திரும்பும். கூட்டித் துடைக்க வந்தவளைச் சீட்டு எழுத விட்டது யார் என்று என்னைக் கேட்பார்கள். இதுதான் அக்கா, வேறு காரணம் எதுவும் இல்லை. நான் வெட்கப்பட்டேன். "மாநிலம் விட்டு மாநிலம் பெயர்ந்த சமூகங்களின் கல்வி உரிமையைக் கொள்கை அளவில் எப்படி அணுகுவது?" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதியதும் எனக்கே பிடித்துப்போயிற்று. பேச்சாளர் அருமையான கேள்வி என்று பாராட்டிவிட்டு, கால் மணி நேரம் ஆங்கிலத்தில் கொள்கை பேசினார். கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் வந்தீர்கள்.

"என் சீட்ட படிச்சாங்களா தம்பி?"

"படிச்சாங்க அக்கா."

"ஐயா இன்னா சொன்னாரு?"

"சட்டத்தை மாத்தணும்னாரு. அரசாங்கம்தான் செய்யணுமாம்."

"எம்மாம் நேரம் பேசுனாரு, இவ்ளோதானா?" என்றீர்கள். நான் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் போயிற்று. உங்கள் மகள் ஊருக்கு வெளியே சாகண் தொழிற்பேட்டையில் ஒரு வண்டிப் பாகக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். நீங்கள் உறை மாட்டிவிட்டு, பேச்சு தொடங்கும் முன்பே கிளம்ப ஆரம்பித்தீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. போன மழைக்காலத்தில் மூச்சுத்திணறல் என்று படுத்தீர்கள், எழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தபோதுதான் உங்கள் வீட்டையே முதல் முறை பார்த்தேன். சுவரில், சட்டம் போட்டு, உங்கள் மாமனாரின் பழைய அட்டை. அவர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்தது. தேதி ஐம்பதுக்கு முந்தியது.

இரண்டு மாதம் முன்பு அதே பேச்சாளர் மறுபடி வந்தார். டீ கொடுக்கும்போது உங்கள் கேள்வியை, நீங்கள் எழுதியபடியே கேட்டேன், சுவரில் பார்த்த அட்டையைப் பற்றியும் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "பழைய தொழிற்சாலை அட்டையே அத்தாட்சிதானே. அதை வைத்துப் பலருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கே என்னிடம் கேட்டிருக்கலாமே?" என்றார்.

இதை மறைத்து வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போய், சீட்டு, நான் எழுதிய ஆங்கிலம், உங்களிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் மகளிடம் சொன்னேன். அட்டையை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போகலாம், இப்போதும் படிக்கலாம் என்றேன். அவள் திட்டியிருந்தால் தேவலை.

"அம்மா சாவுற வரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சு சார். 'அன்னிக்கு எனக்கு ஒழுங்கா கேக்கத் தெரியல, அதான் உன் படிப்பு போச்சு'ன்னு."

ஏரவாடாவிலிருந்து வீட்டுக்கு வந்தபிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை, இனி விடவும் போவதில்லை.

நீங்கள் ஒழுங்காகத்தான் கேட்டீர்கள் அக்கா. அந்த மண்டபத்தில் இத்தனை வருடத்தில் ஒழுங்காகக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.