பாலத்தடியில் உள்விளக்கு

இன்று பின்னேரம் மொன்றியலின் இல்-பிசார் பாலத்தடியில் ஆற்றுச் சேற்றின் மணம் அடித்தது. பனி உருகி, தண்ணீர் கரை மீறப் பார்க்கிறது. காரை நிறுத்தினேன்; என் கை தானாகப் போய் உள்விளக்கைப் போட்டது. அது உம்முடைய பழக்கம், ஐசே.

எண்பதுகளில், மொன்றியலுக்கு வருமுன், அந்த இங்கிலாந்துக் கிராமத்தில் கனடா விசாவுக்காக ஒரு மழைக்காலம் நாம் இருவரும் காத்திருந்தோமே. பெற்றோல் நிலையத்தின் பின்புறம் நம் அறை. ஒரு கார் மட்டும் போகக்கூடிய கல்பாலம். தேவாலயம், தபால்கடை, சிவப்புத் தொலைபேசிப் பெட்டி எல்லாம் அக்கரையில்.

"வடிவான ஊர்தான் மாஸ்டர். ஆனா வெளியேற ஒரே வழி. எனக்குப் பிடிக்கல்ல" என்றீர், வந்த அன்றே.

மட்டக்களப்பில் விட்டுவந்த உம்முடைய மகன், இராணுவம் நிற்கும் பாலத்தைத் தாண்டிக் கொழும்பு போய்ச் சேர்ந்ததும், ஞாயிறு பின்னேரம் அந்தப் பெட்டிக்கு அழைப்பதாக ஏற்பாடு.

அந்த ஞாயிறு ஆறு பெருகியிருந்தது. பெற்றோல் நிலைய முதலாளியின் பழைய வான் வண்டியை நீர் ஓட்டினீர். பாலத்தடியில் மழையங்கி போட்ட ஒருவர் டோர்ச்சுடன் நின்றார். உடனே நிறுத்தினீர். முன்விளக்கை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, இரு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தீர். ஊரில் இராணுவக் காவலரணைக் கண்டால் செய்வதுபோல. நான் படிப்பித்த காலத்தில் மணியடிக்கும்வரை எழும்பாத வகுப்பைப் போல, போகச் சொல்லும் கையசைப்புக்காக இருவரும் காத்திருந்தோம். எனக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை.

அவர் வெள்ளம் பார்க்க வந்த விவசாயி. கடைசியில் கண்ணாடியில் தட்டினார். "ஏன் நின்றீர்கள்? இவ்வளவு நேரமும் போயிருக்கலாம். இனி முடியாது" என்றார் ஆங்கிலத்தில். தண்ணீர் பாலத்தின் மேல் ஏறிவிட்டிருந்தது.

அப்போதுதான் அக்கரையில் தொலைபேசி அடித்தது.

"அவன்தான், மாஸ்டர்!" என்றீர். பிறகு, மெதுவாக: "இல்லாட்டி, அவனைப் பற்றிச் சொல்ல வேற ஆரோ."

நெடுநேரம் அடித்து நின்றது. பிறகு வந்த ஞாயிறுகளில் அந்தப் பெட்டிக்குள்ளேயே நின்றீர். அது அடிக்கவில்லை. எழுதிக் கேட்ட எவருக்கும் அவனைப் பற்றித் தெரியவில்லை.

மொன்றியலிலும் பாலம் வந்தால் உள்விளக்கைப் போடுவீர்.

"இஞ்சை ஆரும் மறிக்கமாட்டினம், ஐசே!" என்று பின் இருக்கையிலிருந்து நான் பகிடி பண்ணுவேன்.

"உள்ளுக்க ஆரு இருக்காங்க எண்டு தெரியட்டும்" என்பீர். மகனுக்கென்று விட்டிருந்த உமக்குப் பக்கத்து இருக்கையில் பையைக்கூட வைக்கவிடமாட்டீர்.

இன்று பின்னால் வந்த கார் ஹோர்ன் அடித்ததும் நகர்ந்தேன். விளக்கை அணைக்கவில்லை. நீர் இறந்த பிறகும், வீட்டில் தொலைபேசியை நான் இரண்டாவது மணி அடிக்க விடுவதில்லை.