பற்றாத வண்டியும் நவாப் மூக்கும்

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். சாம்பல் வைத்துத் தேய்த்தேன். எலுமிச்சைத் தோலையும் விடவில்லை. டீசல் நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது. சாப்பிட உட்கார்ந்தவன் முதல் கவளத்தை வாய்வரைக்கும் கொண்டுபோய், குமட்டி, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். “ஆற்காட்டு நவாப் மூக்குடா உன்னுது” என்று ஆரம்பித்து, வேனில் வருகிற ஷூ கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரையும் கூடச் சேர்த்துக்கொண்டிருப்பாய்.

இந்தப் பக்கத்தில் பிறந்து இப்படி ஒரு மூக்கோடு வாழ்வது தண்டனைதான். ஊறப்போட்ட தோல், அதைப் பதனிடுகிற டேனரிகளின் சாக்கடை, மழை விட்டதும் தரையிலிருந்து கிளம்புகிற அந்த நெடி, எல்லாமே ஊர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது. எனக்கு ஐம்பது வயதாகியும் பழகவில்லை. பாதி நாள் துண்டால் மூக்கை மூடிக்கொண்டுதான் நம் வேனை ஓட்டுகிறேன்.

உனக்கு மூக்கு கிடையாது, காதுதான். ஆம்பூர் பைபாஸில் அந்தக் கல்யாண வேன் நின்றுபோனது நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் ரோட்டில். ஆளுக்கு ஒரு யோசனை. பேட்டரி வீக் என்றான் ஒருவன். தள்ளிப் பார்க்கலாம் என்றான் இன்னொருவன். கண் பட்டுவிட்டது என்று ஒரு பெரியவர் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். நீ பிரியாணிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு நம் வேனிலிருந்து இறங்கிப்போய், “ஒருக்கா செல்ஃப் போடுப்பா” என்று அந்த டிரைவரிடம் சொன்னாய். செல்ஃப் கணீரென்று எடுத்தது. எஞ்சின் சுற்றியது, ஆனால் பற்றவில்லை.

“எஞ்சின் இந்தச் சுத்து சுத்துது. அப்போ பேட்டரிய ஏன் திட்டுறீங்க? மூச்சு வருதா, சோறு வருதா, அத மட்டும் பாருங்க” என்றாய். டீசல் வண்டிக்குக் காற்றுதான் மூச்சு, டீசல்தான் சோறு. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாய். “நவாப்பு, பின்னாடி போய் மோந்து பாரு.”

நான் போனேன். கல்யாணக் கூட்டத்துக்கு முன்னால் சைலன்சருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நாய் மாதிரி மோந்தேன். பச்சை டீசல் நெடி அடித்தால் சோறு உள்ளே போகிறது, ஒன்றுமே அடிக்காவிட்டால் வழியில் எங்கோ நின்றுவிட்டது. அன்றைக்கு ஒன்றும் அடிக்கவில்லை. ஃபில்டரைக் கழற்றினாய். அதில் நிறையத் தண்ணீர். கொட்டி, துடைத்து, டீசல் குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்றி, வண்டியை ஓடவைத்துவிட்டு, அதே கையைப் பேன்டில் ஒரு தேய் தேய்த்துக்கொண்டு பிரியாணியையும் கத்திரிக்காயையும் வழித்து வழித்துச் சாப்பிட்டாய். எனக்கு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை. என் பொட்டலத்தையும் உன் பக்கம் தள்ளிவிட்டேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த வருஷத்தில் நான் பார்த்த அசிங்கத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? உன் அடக்கம் முடிந்து, கையில் ஒட்டிய கல்லறை மண்ணைக் கழுவக்கூட இல்லை, உன் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு வேனின் ஆர்.சி. புத்தகம் எங்கே என்று கேட்டான். நீயும் நானும் சேர்ந்து வாங்கிய வேனில் உன் பங்கு இனி உன் மனைவி ஸ்டெல்லாவுக்குத்தான் என்றேன். அதிலிருந்து அவனுக்கு அந்த வேன் ஒரு பழைய இரும்பு. “அண்ணி, சும்மா நிக்கிற வண்டிய வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?” என்று அவளை அரித்துக்கொண்டே இருந்தான். நிற்காத வண்டியைப் பார்த்து அப்படிச் சொன்னான். அவன் வாய் முகூர்த்தமோ என்னமோ, வண்டி நிற்க ஆரம்பித்துவிட்டது.

திமிரியில் கிளம்பும்போது நன்றாகக் கிளம்பும். ஆற்காடு தாண்டும். மேல்விஷாரத்துக்குள் நுழைவதற்கு முன்னால் இருமி இருமி நின்றுவிடும். செல்ஃப் எடுக்கும், பற்றாது. மெக்கானிக் வந்து சேர்வதற்குள் தானாகப் பற்றிக்கொள்ளும். ஷூ கம்பெனி வாசலில் கேட் மூடிவிட்டால் பெண்களுக்கு அரை நாள் சம்பளம் போச்சு. அவர்கள் என்னைத் திட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டு வெளியே நின்றார்கள். திட்டியிருந்தால் பரவாயில்லை. கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர் என்னிடம், “இன்னொரு வாட்டி லேட்டாச்சுன்னா வேற வண்டி வச்சிக்குவோம். பேஜார் பண்ணாதீங்க” என்று சொல்லிவிட்டார். இந்த ரூட் போனால் வேனுக்கு வேறு வேலை இல்லை. உன் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அதே ஷூ கம்பெனியில் ஸ்டெல்லா வாங்குகிற சம்பளம் வீட்டுக்கே பற்றாது. எல்லாம் தெரிந்துதான் உன் தம்பி வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குக் காயலான் கடைக்காரனை வரச் சொல்லியிருந்தான்.

மெக்கானிக் பேட்டரியை மாற்றினான். அப்புறம் செல்ஃப் மோட்டாரை மாற்றினான். எடுக்கிற செல்ஃபை எதற்கடா மாற்றுகிறாய் என்று கேட்டால், “பழசு ஆயிடுச்சுணா, மாத்துறது நல்லது” என்றான். தெரியாது என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வராது. இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே எனக்குச் சாக்கடையைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. அவனிடம் திரும்பத் திரும்பப் போன என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்று காலையும் நின்றது. ஒரு டேனரிச் சாக்கடைக்கு நேராகவே நின்றது. பெண்கள் இறங்கிக் கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மெக்கானிக்கின் பட்டறை அங்கிருந்து பக்கம், உடனே வந்துவிட்டான். சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பம்பு அவுட்டுணா. கழட்டி வேலூர் அனுப்பணும். நாலு நாள் ஆவும்” என்றான். மற்ற பெண்களோடு இறங்கி நின்ற ஸ்டெல்லா முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உன் குரல் வந்தது. “நீ ஏறி உட்காரும்மா. நான் சொன்னதும் சாவியத் திருப்பு” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பின்னால் போய்க் குந்தினேன். ஒரு பக்கம் சாக்கடை குடலைப் பிடுங்குகிறது. மூக்கில் கட்டியிருந்த துண்டை எடுத்துவிட்டு சைலன்சரில் மூக்கை வைத்தேன். எஞ்சின் சுற்றுகிறது, புகை இல்லை, டீசல் நெடி துளிக்கூட இல்லை. டேங்க்கை நேற்றுத்தான் நிரப்பினேன்; நாற்றத்துக்குப் பயந்து மூடியைத் திறப்பதையும் மூடுவதையும் எப்போதும் பங்க் பையனிடமே விட்டுவிடுவேன். சோறு பானை நிறைய இருக்கிறது, வாய்க்கு வரவில்லை.

பானையிலிருந்தே பார்ப்போம் என்று டேங்க் மூடிக்குப் போனேன். அது இறுகிக் கிடந்தது. துண்டைச் சுற்றிப் பிடித்து முழு பலத்தோடு திருகினேன். திறந்ததும் உஸ்ஸ் என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. மூச்சு முட்டிக் கிடந்தவர் இழுக்கிற மாதிரி நீளமாக இழுத்தது. மெக்கானிக் ஓடிவந்து எட்டிப் பார்த்தான்.

மூடியின் உள்பக்கம் வட்டமாக வெட்டிய ஒரு தோல் துண்டு. டீசலில் ஊறி, உப்பி, வழுவழுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியில் காற்று போவதற்கு இருக்கிற ஓட்டையை அது அடைத்துவிட்டது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லை. கொஞ்ச தூரம் ஓடியதும் பம்பால் இழுக்க முடியவில்லை. சும்மா நிற்க விட்டால் மெல்ல எங்கேயோ கசிந்து காற்று சேரும், மறுபடி பற்றும். இவ்வளவுதான் நோய்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நம் ஊரில் எது உடைந்தாலும் ஒரு தோல் துண்டுதானே வைத்தியம். குழாய் ஒழுகினால் தோல், கதவுக்கீல் ஆடினால் தோல், கட்டில் கால் குட்டையென்றால் தோல். உனக்கும் அது பிடிக்காது. “தோல் கெடைக்குதுன்னு எல்லாத்துக்கும் தோலா? நாளைக்குப் பல்லு உழுந்தாலும் தோல வெட்டி வெச்சிக்குவீங்க” என்பாய். நான் ஸ்க்ரூ டிரைவரால் அந்த வழுவழுப்பை நெம்பி எடுத்து, விரலில் தொங்கவிட்டுக்கொண்டு, “எவன்டா இந்தக் கேவலமான வேலையப் பாத்தவன்? அவன் கை அழுகிப்போவ” என்று நடுரோட்டில் கத்தினேன்.

ஸ்டெல்லா சீட்டிலிருந்து இறங்கி வந்தாள். “அண்ணா, திட்டாதீங்க. அது அவரு வெச்சது.”

“அவனா? எதுக்கு?” என்றேன்.

“டேங்க் வாய் உங்க ஜன்னலுக்குக் கீழதான இருக்குது. டீசல் நாத்தத்துல உங்களால சோறு துன்ன முடியல, பாவம்னு சொன்னாரு. நல்ல கனமான துண்டா கேட்டாரு. எங்க கட்டிங் செக்‌ஷன்ல கழிச்சிப் போட்டது, நான்தான் வெட்டிக் குடுத்தேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. சொன்னா அதையும் மோந்து பாத்து நொட்டம் சொல்லுவீங்கன்னு சிரிச்சாரு.”

இப்போது நினைவு வருகிறது. நீ போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், வேனில் நாற்றம் குறைந்துவிட்டதே என்று நானே உன்னிடம் கேட்டேன். “உன் மூக்கு ரிப்பேராயிடுச்சு, நவாப்பு” என்றாய். நானும் நம்பினேன். தோல் புதிதாக விறைப்பாக இருந்தவரைக்கும் ஓரத்தில் காற்று போயிருக்கும். ஊறிப் படிந்தபோது நீ இல்லை.

உனக்கு அறிவு இருக்கிறதா? மூச்சு வருதா, சோறு வருதா என்று ஊர் வண்டிக்கெல்லாம் சொன்னவன், நம் வண்டியின் மூச்சையே அடைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதுவும் எனக்காக. நான் கேட்டேனா? நாற்றம் நாற்றம் என்று புலம்புவது என் வழக்கம், அதை ஒருவன் காதில் போட்டுக்கொள்வான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கைப்பம்பை அடித்து, டீசல் குழாயில் சேர்ந்திருந்த காற்றை வெளியேற்றினேன். ஸ்டெல்லா சாவியைத் திருப்பினாள். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி பற்றியது. அந்தப் பச்சை டீசல் நெடி முகத்தில் அடித்ததும் டயர் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தேன். நாற்றம் தாங்காமல் என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். அழுதேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. கேட் மூடுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஸ்டெல்லா உள்ளே போகுமுன் உன் தம்பிக்குப் போன் போட்டு, “ஞாயித்துக்கெழம யாரும் வர வேணாம்” என்று சொல்லிவிட்டாள்.

மத்தியானம் ஆற்காட்டில் காற்று ஓட்டை உள்ள புது மூடி வாங்கி மாட்டினேன். இனி தினமும் என் ஜன்னலுக்கு நேராக நாறும். சாயங்காலம் திமிரியில் இறங்கும்போது ஸ்டெல்லா என் பக்கம் வந்து நின்று மூக்கைச் சுளித்தாள்.

“அண்ணா, உங்க சட்டைப் பையிலேர்ந்து டீசல் நாத்தம் வருது. அந்தத் துண்டா? ஜாஸ்தி நாறுது, தூக்கிப் போடுங்க.”

“போடுறம்மா” என்றேன்.

பையில்தான் இருக்கிறது. எழுதுகிற மேசை வரைக்கும் நாறுகிறது. பக்கத்தில் தட்டில் சோறு ஆறிக் கிடக்கிறது.